சக் சக் என்று ஒரு கை: ஃபங்க், டிஸ்கோ ரிதம் கிட்டாரை ரசித்துக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

பல வருடங்களுக்கு முன் என் இயர்போனில் ஒரு பக்கம் செத்துப்போயிருந்தது. புதிது வாங்கச் சோம்பல். வேலைக்குப் போகும் பேருந்தில் அந்த ஒற்றைக் காதோடு ஒரு பழைய டிஸ்கோ பாட்டைப் போட்டேன். நூறு தடவையாவது கேட்ட பாட்டு. அன்றைக்கு வயலின்களில் பாதியைக் காணோம், கைத்தட்டலைக் காணோம். அந்தக் காலி இடத்தில் ஒரு கிட்டார் ‘சக்கு சக்கு’ என்று சுரண்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. நான் அந்தப் பாட்டுக்குக் காலாட்டியதெல்லாம் அதனால்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சோலோ வாசிக்கும் கிட்டார்க்காரரை எல்லோருக்கும் தெரியும். முகத்தைச் சுளித்துக்கொண்டு மேடையின் முன்னால் வந்து நிற்பார். ரிதம் கிட்டார்க்காரர் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று நாலு நிமிடமும் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருப்பார். அவர் நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறது என்று நமக்குத் தெரியும். இந்த வழிகாட்டி அவரைக் கண்டுபிடிக்கவும், கண்டுபிடித்தபின் அவர் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்துகொள்ளவும். கிட்டார் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள்: இங்கே நாம் காது கொடுக்கப்போவது ராகத்துக்கோ கார்டுக்கோ (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) இல்லை, ஒரு கை அசைகிற விதத்துக்கு.

படி 1: எதில் கேட்பது

நல்ல ஹெட்ஃபோன் வேண்டும் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். நான் தலைகீழாகச் சொல்கிறேன். முதல் தடவை ஃபோனின் மட்டமான ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் பேஸ் கிட்டாரையும் கிக் ட்ரம்மையும் சரியாகக் கொடுக்க முடியாது. அடித்தளம் காணாமல் போனதும், நடுவிலும் அதற்குச் சற்று மேலேயும் இருக்கும் ஒலிகள் துருத்திக்கொண்டு வெளியே தெரியும். ஃபங்க் கிட்டாரின் ‘சக்’ குடியிருப்பது அங்கேதான். எங்கே இருக்கிறது என்று அடையாளம் பிடித்தபின் ஹெட்ஃபோனுக்குப் போங்கள். அங்கே ஒரு காதை மாற்றி ஒரு காதைக் கழற்றிப் பாருங்கள். 70களின் பதிவுகள் பலவற்றில் கிட்டாரை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். என் செத்த இயர்போன் செய்த உபகாரத்தை நீங்கள் விரும்பியே செய்துகொள்ளலாம்.

படி 2: தகதிமி சொல்லுங்கள்

இந்த இசையைப் பிடிக்க ஒரு கணக்கு போதும். ஒரு சுற்றில் நாலு தட்டு, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் நாலு சின்னத் துண்டு, ஆக மொத்தம் பதினாறு. ஆங்கிலத்தில் இதைச் சொல்லி எண்ணுவது நாக்கைச் சுளுக்கும் வேலை. நமக்கு அந்தக் கவலை இல்லை. தாளத்தை வாயால் சொல்லும் கொன்னக்கோலில், நாலின் கணக்கான சதுஸ்ரத்துக்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது. காலால் தட்டுங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் ‘தகதிமி’ என்று சொல்லுங்கள்.

அடுத்து வலது கையைத் தொடைக்குமேல் வையுங்கள். ‘த’வுக்குக் கீழே, ‘க’வுக்கு மேலே, ‘தி’க்குக் கீழே, ‘மி’க்கு மேலே. தொடையைத் தொடாமல் காற்றில் மட்டும் கையை ஆட்டுங்கள். அது நிற்கவே கூடாது. இப்போது முதல் ‘த’வுக்கு மட்டும் தொடையை உரசுங்கள். மற்ற பதினைந்துக்கும் கை அசையும், ஆனால் தொடாது. சரி, பழகிவிட்டதா? அடுத்து, இரண்டாவது தட்டின் ‘மி’யில் மட்டும் தொட்டுப் பாருங்கள். கை மேலே போகும்போது தொட வேண்டும், அதுவும் அடுத்த தட்டுக்கு ஒரு இம்மி முன்னால். சிரமமாக இருக்கிறது அல்லவா?

ஃபங்க் ரிதம் கிட்டாரின் இயந்திரம் இவ்வளவுதான். கை ஊசல் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்த ஆட்டத்தில் கம்பி பேச வேண்டும், எதில் பேசக் கூடாது என்பதுதான் வாசிப்பு. கணக்கையும் பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் டிஸ்கோ பாட்டில் நொடிக்கு 8 அசைவு. நாலு நிமிடப் பாட்டு என்றால் 1,920. அதில் நூறாவது அசைவும் ஆயிரத்துத் தொள்ளாயிரமாவது அசைவும் ஒரே இடைவெளியில் விழ வேண்டும். ஒரு நிமிடம் தொடையில் செய்து பாருங்கள், முன்கையில் எங்கே வலிக்கிறது என்று தெரியும்.

படி 3: கோழி கிளறும் சத்தத்தைக் கண்டுபிடியுங்கள்

இனி இடது கை. கம்பியைக் கிட்டாரின் கழுத்தில் அழுத்திப் பிடித்தால் ஸ்வரம் வரும். விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல், அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால்? கம்பி விரலைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் அதிர முடியாது. அந்த நிலையில் வலது கை அதைக் கீறினால் ‘சக்’ என்று ஸ்வரமே இல்லாத ஒரு காய்ந்த ஒலி வரும். தேங்காய்த் துருவியில் மூடியை ஒரு சுற்று சுற்றினாற்போல. இடது கை இப்படி அழுத்தி, தளர்த்தி, அழுத்தி மூச்சு விட்டுக்கொண்டே இருக்க, வலது கை தன்பாட்டுக்கு ஓடும். அதனால் ஒரே கருவி ஸ்வரமும் கொடுக்கிறது, தாளமும் கொடுக்கிறது.

இதற்கு ‘சிக்கன் ஸ்க்ராட்ச்’ என்று பெயர். குப்பைமேட்டில் கோழி கிளறுவதைப் பார்த்தவர்கள் யாருக்கும் பெயர் விளங்கும். இந்த வாசிப்போடு முதலில் சொல்லப்படும் பெயர் ஜிம்மி நோலன். 1934இல் ஓக்லஹோமா சிட்டியில் பிறந்தவர், ப்ளூஸ் வாசித்து வளர்ந்தவர், 1965இல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் சேர்ந்தார். அந்த வருடமே வந்த ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’ பாட்டைப் போடுங்கள். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் மொத்தக் குழுவும் சட்டென்று நின்றுவிடும். அந்த மௌனத்துக்குள் நோலன் ஒரே கார்டை ‘தகதிமி’ வேகத்தில் உலுக்கி விடுவார். இரண்டே நொடிதான். பாட்டு முழுதும் அந்த இரண்டு நொடிக்காகக் காத்திருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

வெளியான இசைத்தட்டு பதிவுசெய்த வேகத்தில் இல்லை. நாடாவைச் சற்று வேகப்படுத்தி வெளியிட்டார்கள். பிற்காலத் தொகுப்பில் வந்த முழு நீளப் பதிவு நிதானமாக, தளர்வாக இருக்கும். இரண்டும் கிடைத்தால் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதே கை, ஆனால் வேகம் மாறியதும் குணமும் மாறிவிடும்.

படி 4: சமம் எங்கே விழுகிறது

ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவிடம் ஓயாமல் கேட்டது ஒன்றைத்தான்: முதல் தட்டு. ‘தி ஒன்’ என்பார்கள். அதுவரை ரிதம் அண்ட் ப்ளூஸில் அழுத்தம் இரண்டிலும் நாலிலும் இருந்தது. அவர் முதல் தட்டில் எல்லோரும் ஒன்றாக வந்து இறங்க வேண்டும் என்றார்; நடுவில் எங்கே வேண்டுமானாலும் திரியலாம். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இதை விளக்கவே வேண்டாம், சமத்துக்கு வந்து சேர்வதுதான். தனி ஆவர்த்தனத்தில் கணக்கு முடிந்து மிருதங்கம் சமத்தில் விழும்போது தொடையில் தட்டுகிற கை, இங்கேயும் அப்படியே தட்டும். உவமை அதோடு முடிந்தது. இரண்டு இசைக்கும் உறவு எதுவும் நான் சொல்ல வரவில்லை.

1967இன் ‘கோல்ட் ஸ்வெட்’ இதற்கு நல்ல பாடம். அதில் கார்டு மாற்றம் கிட்டத்தட்ட இல்லை. மெட்டு எங்கேயும் நகராததால் காது தானாகவே தாளத்தின் உள்ளே போய்விடும். அப்புறம் 1970இன் ‘செக்ஸ் மெஷின்’. அந்த வருடத்தின் தொடக்கத்தில் பிரவுனின் பழைய குழு அவரோடு பிணங்கி விலகியது. சின்சினாட்டியிலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்ட இளைஞர்களில் ஒருவர் 18 வயது பூட்ஸி காலின்ஸ், பேஸ் கிட்டார். கிட்டாரில் அவருடைய அண்ணன் ‘கேட்ஃபிஷ்’ காலின்ஸ்.

இந்தப் பாட்டில் கேட்ஃபிஷ் செய்வதைக் கவனித்தால் சிரிப்பு வரும், அவ்வளவு கொஞ்சம். கைக்கடக்கமான ஒரு கார்டு. சுண்டுவிரல் அதன்மேல் ஒரு ஸ்வரத்தைக் கூட்டும், உடனே எடுத்துவிடும். பின்பு இடைவெளி. மறுபடி அதே. நீங்கள் எண்ணிக்கொண்டே இருங்கள், அவர் அலுக்காமல் அதையே செய்வார். பூட்ஸியின் பேஸ் கீழே குதித்துக் கும்மாளமிடுவதற்கு அண்ணன் அங்கே ஆணியடித்த மாதிரி நிற்பதுதான் காரணம். பாட்டு நடுவே ‘பிரிட்ஜ்’ என்ற இடைப்பகுதிக்குப் போகலாமா என்று பிரவுன் குழுவைக் கேட்டுக்கேட்டு இழுத்தடித்து, கடைசியில் கார்டு மாறும். அந்த ஒற்றை மாற்றம் கதவைத் திறந்தாற்போல இருக்கும். அத்தனை நேரம் ஒரே அறையில் அடைத்து வைத்ததற்குக் கூலி.

படி 5: கார்டு ஏன் இத்தனை சின்னது

கிட்டாரில் ஆறு கம்பி. கடற்கரையில் நண்பர்கள் வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஆறையும் சேர்த்து ஜங் ஜங் என்று வீசுவார்கள். ஃபங்க் கிட்டார்க்காரர் பெரும்பாலும் மேலே மெல்லிய மூன்று, நாலு கம்பிகளோடு நிறுத்திக்கொள்வார். காரணம் இடப் பற்றாக்குறை. கீழே பேஸும் கிக் ட்ரம்மும் இருக்கின்றன. நடுவில் குரல், கீபோர்டு. மேலே ட்ரம்பெட், வயலின். கூட்டமான பேருந்தில் ஒற்றைக் காலை வைக்கிற அளவு இடம்தான் கிட்டாருக்கு மிச்சம். அதற்குள் நிற்கத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர்.

ஒரு உதாரணம். நோலன் பாணியில் அதிகம் புழங்குவது ஒன்பதாம் கார்டு. ஈ9 என்றால் ஈ, ஜி ஷார்ப், பி, டி, எஃப் ஷார்ப் ஆகிய ஐந்து ஸ்வரங்கள். இதில் அடி ஸ்வரமான ஈ-யை பேஸ் வாசித்துவிடுகிறது. ஆகவே கிட்டார் அதை விட்டுவிடலாம். மிஞ்சுவதை மேல் கம்பிகளில் பிடித்தால் பேஸோடு மோதாமல், ஒன்பதாம் ஸ்வரமான அந்த எஃப் ஷார்ப்பின் புளிப்பு மட்டும் மேலே மினுக்கும்.

இதை ஒரு சம்பவத்தோடு சேர்த்துச் சொன்னால் நன்றாகப் புரியும். பாடகர் டேவிட் போவி ‘லெட்ஸ் டான்ஸ்’ பாட்டைத் தன் தயாரிப்பாளரிடம் முதலில் வாசித்துக் காட்டியது பன்னிரண்டு கம்பிக் கிட்டாரில், நாட்டுப்புறப் பாடல் மாதிரி வீசித்தான். தயாரிப்பாளர் நைல் ராட்ஜர்ஸ். அவர் அந்தக் கார்டுகளைக் கழுத்தில் மேலே ஏற்றி, மெல்லிய கம்பிகளுக்கு மாற்றி, நடுநடுவே வெட்டி விட்டார். 1983இல் வெளியான பாட்டைக் கேளுங்கள்: ஒவ்வொரு வெட்டும் எதிரொலியோடு தாளத்துக்குள் திரும்பி விழும். அடிப்படையில் பாட்டு அதேதான், கை மட்டும் மாறியது. ஊர் ஊராக ஆடினார்கள்.

படி 6: நைல் ராட்ஜர்ஸோடு ஒரு மாலை

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். டிஸ்கோ ரிதம் கிட்டாருக்கு ஒரே ஒருவரைக் கேட்க நேரம் இருக்கிறது என்றால் இவரைத்தான் சொல்வேன்.

1952இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஜாஸ் படித்தவர். குழந்தைகள் நிகழ்ச்சியான ‘செசமி ஸ்ட்ரீட்’டின் சுற்றுப்பயணக் குழுவிலும், ஹார்லெமில் அப்பல்லோ அரங்கின் குழுவிலும் வாசித்துப் பழகினார். அங்கே இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர் என்று பாட வருவார்கள். நோட்டைப் பார்த்ததும் வாசித்தாக வேண்டும். பிறகு பேஸ் கிட்டார்க்காரர் பெர்னார்ட் எட்வர்ட்ஸோடு சேர்ந்து ‘ஷீக்’ குழுவைத் தொடங்கினார். பெரிய உடம்புள்ள ஜாஸ் கிட்டாரை விட்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின் கிட்டாருக்கு மாறச் சொன்னதும், இந்த வெட்டி வாசிக்கும் முறையைக் காட்டிக்கொடுத்ததும் பெர்னார்ட்தான் என்று நைலே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சக்கிங்’. தமிழ்க் காதுக்கு அது ஒலிக்குறிப்பு மாதிரியே இருப்பது நம் அதிர்ஷ்டம். அன்றைக்கு வாங்கிய அந்த வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு ‘ஹிட்மேக்கர்’ என்று பெயர் வந்துவிட்டது.

முதல் பாட்டு ‘குட் டைம்ஸ்’, 1979. ரேடியோவுக்கு வெட்டிய சின்ன வடிவம் வேண்டாம், ஆல்பத்தில் உள்ள எட்டு நிமிடப் பதிவைத் தேடுங்கள். மூன்று தடவை கேட்க வேண்டும்.

முதல் தடவை பெர்னார்டின் பேஸோடு மட்டும் நடங்கள். மூன்று அடி அடித்து நின்று, பிறகு படியேறிப் போகும் அந்த வரி உலகப் பிரசித்தம். அதே வருடம் ‘ரேப்பர்ஸ் டிலைட்’ அதை எடுத்துக்கொண்டுதான் ராப் பாட்டை வானொலிக்குள் கொண்டுபோனது.

இரண்டாவது தடவை டோனி தாம்சனின் ஹை-ஹாட். ட்ரம்ஸில் காலால் மூடித் திறக்கும் அந்த இரட்டைத் தட்டு. ‘ட்ஸ் ட்ஸ்’ என்று போவதை மட்டும் பிடியுங்கள்.

மூன்றாவது தடவை இரண்டுக்கும் நடுவே பாருங்கள். அங்கே நைல் இருப்பார். பாட்டில் ஏறக்குறைய இரண்டே கார்டுதான்: ஈ மைனர் 7, அப்புறம் ஏ-யின் ஒரு வடிவம். ஆனால் அவர் ஒரே இடத்தில் உட்கார மாட்டார். அதே கார்டைக் கழுத்தில் சற்று மேலே வேறு வடிவத்தில் பிடிப்பார், இறங்குவார், உச்சிக் கம்பியில் ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு வருவார். மேலே இருக்கும் அந்த ஸ்வரங்களை மட்டும் கோத்தால் குட்டியாக ஒரு மெட்டே கிடைக்கும். நீண்ட பதிவின் நடுவில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டு பேஸும் ட்ரம்ஸும் மட்டும் நிற்கிற இடம் வரும். ஒவ்வொரு கருவியாகத் திரும்ப வரும்போது கிட்டார் நுழையும் நொடியைக் குறித்து வையுங்கள். அதுவரை நடந்துகொண்டிருந்த பாட்டு அங்கேதான் ஆடத் தொடங்கும்.

அந்தக் கோடையைப் பற்றி ஒரு வார்த்தை. 1979 ஜூலை 12ஆம் தேதி சிகாகோவின் கமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அடுத்த மாதம் அமெரிக்கப் பட்டியலில் ‘குட் டைம்ஸ்’ முதலிடத்தில் இருந்தது. டிஸ்கோவை இயந்திர இசை என்று திட்டியவர்கள் அந்தக் கிட்டாரைக் காது கொடுத்துக் கேட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்து ‘லெ ஃப்ரீக்’, 1978. 1977 டிசம்பர் 31 இரவில் நியூயார்க்கின் ஸ்டூடியோ 54 என்ற நடன விடுதிக்குள் நைலையும் பெர்னார்டையும் விடவில்லை. அழைத்திருந்தது பாடகி கிரேஸ் ஜோன்ஸ், வாசலில் பெயர் சொல்லி வைக்கவில்லை. கோபத்தோடு வீட்டுக்குப் போய் இருவரும் வாசித்துத் தீர்த்ததில் பிறந்தது இந்தப் பாட்டு. முதலில் வாயில் வந்தது வசைச்சொல். பிறகு அதை மாற்றி நாகரிகப்படுத்தினார்கள். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், அந்த கிட்டார் வரியில் ஒரு எகத்தாளம் இருப்பது கேட்கும்.

மூன்றாவதாக 2013க்குத் தாவுங்கள்: டாஃப்ட் பங்க் என்ற இரட்டையரின் ‘கெட் லக்கி’. ‘குட் டைம்ஸ்’ வந்து 34 வருடம். நாலு கார்டு, பி மைனரில் தொடங்கி அதே வரிசையில் பாட்டு முழுதும் சுற்றும். பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று என்று கிடையாது. அப்படியிருந்தும் பல்லவி வரும்போது ஏதோ உயர்கிற உணர்வு வருகிறதே, எதனால்? நான்தான் சொல்ல வேண்டுமா, நீங்களே கிட்டாரைப் பின்தொடர்ந்து பாருங்கள்.

படி 7: நுழைகிற நேரம், ஒதுங்குகிற நேரம்

நைல் எப்போதும் முன்னால் தெரிவார். எல்லாரும் அப்படி இல்லை. மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ பாட்டை எடுங்கள். 1982இல் வந்த ‘த்ரில்லர்’ ஆல்பத்தில் இருக்கிறது. கிட்டார் டேவிட் வில்லியம்ஸ். தொடக்கத்தில் ட்ரம்ஸ், பேஸ், சிந்தசைஸர். கிட்டாரைத் தேடினாலும் கிடைக்காது. அது எந்த இடத்தில் உள்ளே வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் படியின் வீட்டுப்பாடம். பாதி வேலை காத்திருப்பதுதான் என்பது அப்போது தெரியும்.

நேர்மாறாக, எர்த், விண்ட் அண்ட் ஃபயரின் ‘செப்டம்பர்’ (1978) கிட்டாரோடுதான் தொடங்குகிறது. ஆல் மெக்கே வாசிக்கிறார், பாட்டை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தொடக்கத்தைக் கேட்டுவிட்டு, பித்தளை வாத்தியங்கள் முழங்கத் தொடங்கியபின் அதே கிட்டாரைத் தொலைக்காமல் பிடித்துக்கொண்டே போக முடிகிறதா பாருங்கள். முதல் தடவை தொலைத்துவிடுவீர்கள். எனக்கு நாலு தடவை ஆனது.

படி 8: காது ஏமாறும் இரண்டு இடம்

ஸ்டீவி வொண்டரின் ‘சூப்பர்ஸ்டிஷன்’ (1972) வரியைக் கேட்டு ‘என்ன கிட்டார்!’ என்று சொல்லாதவர் குறைவு. அது கிட்டாரே இல்லை. கிளாவினெட் என்ற கீபோர்டு. கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பியை அடிக்கும், அதனால்தான் அந்தக் கிட்டார் வாசனை. நானும் வருடக்கணக்கில் ஏமாந்தவன்தான். வித்தியாசம் தெரிய ஒரு வழி: கிட்டார்க் கை மேலும் கீழும் போவதால் இரண்டு வீச்சுக்கும் நிறம் கொஞ்சம் மாறும், கீழ் வீச்சில் தடித்த கம்பி முந்தும், மேல் வீச்சில் மெல்லிய கம்பி முந்தும். கீபோர்டில் அந்த ஊசலாட்டம் இருக்காது.

இன்னொன்று வா-வா பெடல். 1971இல் வந்த ‘ஷாஃப்ட்’ படத்தின் தீம் இசையில் சார்ல்ஸ் ‘ஸ்கிப்’ பிட்ஸ் வாசித்ததுதான் எல்லோர் மனதிலும் நிற்பது. காலால் பெடலை மிதிக்க மிதிக்க ஒலியின் வாய் திறந்து மூடும், ‘வக்கா வக்கா’ என்று. காது அந்த வித்தையில் மயங்கி நின்றுவிடும். கையைக் கவனியுங்கள், அது அதே தகதிமிதான்.

படி 9: நல்லது எது, சுமாரானது எது

இவ்வளவு கேட்டபின் தரம் பிரிக்கத் தோன்றும். நான் முதலில் பார்ப்பது ஸ்வரம் எப்போது முடிகிறது என்பதை. எல்லோரும் கார்டு எப்போது தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். நல்ல கிட்டார்க்காரர் அதை எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்தவர். அரை இம்மி நீண்டால், ட்ரம்ஸில் ‘டப்’ என்று வெடிக்கும் ஸ்னேரின் அடுத்த அடியின்மேல் போய்க் கவிழும். சுருங்கினால் துடுக்காகக் கேட்கும். ஸ்னேர் விழும் நொடியில் கிட்டார் மௌனமாக இருக்கிறதா, கூடவே அடிக்கிறதா என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

‘சக்’குகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்பது அடுத்தது. மோசமான வாசிப்பில் ஒன்று உறைக்கும், ஒன்று தேயும். ஆனால் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருந்தாலும் ஆட்டம் வராது. ட்ரம்மரோடு ஒட்டிக்கொண்டு, சில அடியைத் தட்டுக்கு மயிரிழை பின்னால் வைத்து, சிலதை முன்னால் தள்ளி வாசிப்பார்கள். ‘பாக்கெட்’டில் இருக்கிறார் என்று இதைத்தான் சொல்வது. இதற்கு அளவுகோல் கிடையாது, உங்கள் கழுத்து தானாக ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒலியும் சுத்தமாக இருக்க வேண்டும். ராக் கிட்டாரின் கரகரப்பான டிஸ்டார்ஷன் இங்கே உதவாது. அது சின்ன ஒலியையும் பெரிய ஒலியையும் ஒன்றாக்கிக் கூழாக்கிவிடும். ‘சக்’குக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள கோடு அழிந்துபோகும். அதனால்தான் இந்த வகைப் பதிவுகளில் பல சமயம் ஆம்ப்ளிஃபையரே இல்லாமல் கிட்டாரை நேராக மிக்ஸிங் மேசையில் செருகிவிடுவார்கள். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. விரல் தடுமாறினால் அப்படியே பதிவாகும்.

படி 10: உங்கள் கையும் கொஞ்சம்

கிட்டார் இல்லாவிட்டால் ஒரு நோட்டுப் புத்தகத்தின் அட்டை போதும், நகத்தால் உரசுங்கள். நாலு தட்டுக்கு நாலு தகதிமி. கீழே எழுத்து இருக்கும் இடத்தில் அழுத்தி உரசுங்கள், கோடு இருக்கும் இடத்தில் கை காற்றில் போகட்டும்:

த – – – | – – – மி | – – தி – | – க – –

முதல் அடி சமத்தில். இரண்டாவது மூன்றாம் தட்டுக்கு முன்பே எட்டிப் பார்க்கிறது. கடைசி ‘க’ மேல் வீச்சு, அதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். மெதுவாக, நிமிடத்துக்கு 70 தட்டில் தொடங்குங்கள்.

கிட்டார் இருந்தால் ஈ9 பிடியுங்கள்: தடித்த பக்கத்திலிருந்து முதல் கம்பியைத் தொட வேண்டாம், இரண்டாவதில் 7ஆம் கட்டம், மூன்றாவதில் 6, மிச்ச மூன்றிலும் 7. அதே கோலத்தை வாசியுங்கள். எழுத்துள்ள இடத்தில் அழுத்தம், கோடுள்ள இடத்தில் விரலைத் தளர்த்தி ‘சக்’. ஐந்து நிமிடத்தில் வலது கை இறுகத் தொடங்கும். இறுகினால் நிறுத்திவிட்டு மணிக்கட்டை உதறுங்கள். ஈரக்கையை உதறுகிற அந்தத் தளர்வுதான் வாசிப்பிலும் வேண்டும்.

இதை ஒரு வாரம் செய்துவிட்டு ‘குட் டைம்ஸ்’ பாட்டை மறுபடி போடுங்கள், இந்தத் தடவை பேருந்தில். ஒரு காதைக் கழற்றிக்கொள்ளலாம். பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் கால்சட்டையில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். என்னிடம் ஒருவர் கேட்டே விட்டார்.